பூவம்மாவின் வெறுங்கழுத்து

நோயாளிகள் சளி துப்பும் எச்சில் குவளைகளைக் கழுவும்போது பூவம்மாவின் கைகளைப் பார்க்க வேண்டும். இரண்டு கைகளும் முழங்கைவரை லைசால் கிருமிநாசினி கலந்த தண்ணீரில் கிடக்கும். இடது கை குவளையை உள்ளேயே பிடித்துத் திருப்ப, வலது கைத் தூரிகை அடிவரை போய்வரும். ஒரு சொட்டு வெளியே தெறிக்காது. எங்கள் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியின் காசநோய் வார்டில் அது ஒரு கலை அல்ல, அவசியம். மற்ற ஆயாக்கள் வளையலோடு கழுவினார்கள். வளையலுக்கும் தோலுக்கும் நடுவில் என்ன தங்கும் என்று அங்கே நர்ஸாக இருந்த நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்க மாட்டார்கள். பூவம்மாவுக்குச் சொல்லத் தேவை இருக்கவில்லை. கையில் வளையல் இல்லை, காதில் தோடு இல்லை, கழுத்தில் ஒரு நூல்கூட இல்லை.

1957-இல் ஒருநாள் அவள் வேலைக்கு அப்படி வந்தாள். அதற்கு முன் மூன்று வருடம் எல்லோரையும்போல் எல்லாம் அணிந்துதான் வந்துகொண்டிருந்தாள்.

"எப்ப தவறினார்?" என்று நான் கேட்டேன்.

"யாரு மிஸ்ஸி?"

"உன் புருஷன்."

"அவரா? இந்நேரம் ஐஸ் ஆலையில கட்டி தள்ளிக்கிட்டு இருப்பாரு. காலையில நாலு தோசை சாப்பிட்டுட்டுத்தான் போனாரு."

நடந்தது இதுதான். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிலர் பிரார்த்தனைக் கூடம் நடத்திவந்தார்கள். பூவம்மா ஒரு வருடமாக அங்கே போய்வந்திருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை லாரியில் பாசிர் ரிஸ் கடற்கரைக்குப் போய், கடலில் முழுகி ஞானஸ்நானம் எடுத்துவிட்டாள். அந்தக் கூடத்துப் பெண்கள் நகை அணிவதில்லை, பூ வைப்பதில்லை, பொட்டு வைப்பதில்லை. ஈரச் சேலையோடு வீட்டுக்கு வந்தவள் தாலியைக் கழற்றி மாமியாரிடம் கொடுத்து, "அத்தே, இது உங்க வீட்டுப் பொருளு. நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லியிருக்கிறாள். மாமியார் முத்தாயி போட்ட கூச்சலில் கீழே மசாலா அரைக்கும் கடையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்வி.

கணவன் வேலாயுதம் என்ன சொன்னான் என்று கேட்டேன். "ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் உப்பு பத்தலேன்னு பேசினாரு" என்றாள். அவன் முருக பக்தனாகவே இருந்தான். அவளும் அவனை மதம் மாறச் சொல்லி நச்சரிக்கவில்லை. நோயாளிகளைத்தான் நச்சரித்தாள். தலையணைக்கடியில் துண்டுப் பிரசுரம் வைத்ததற்காக இரண்டு தடவை அவளைக் கண்டித்திருக்கிறேன். சுருதி சேராமல் உரக்கப் பாடுவாள், அதற்காகவும் கண்டித்தேன்.

நானும் கிறிஸ்தவள்தான். யாழ்ப்பாணத்தில் மூன்று தலைமுறையாக நாங்கள் சபைக்குப் போகிறவர்கள். ஆனால் எங்கள் பெண்கள் தாலி கட்டிக்கொள்வார்கள். என் தாலியில் பரிசுத்த ஆவியின் சின்னமாக ஒரு புறா இருந்தது. அதனால் எனக்கு அவள் செய்தது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. எங்கள் சபைப் பெண்களோடு சேர்ந்து நானும் அவளைப் பற்றிச் சிரித்திருக்கிறேன். அதை இங்கே மறைப்பதில் பயனில்லை.

"ஏன் பூவம்மா, தாலி கட்டின எங்களுக்கெல்லாம் விசுவாசம் இல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன். "என்ர புறாவைப் பார். இதில என்ன பாவம் இருக்கு?"

"உங்க புறாவ நான் ஒண்ணும் சொல்லல மிஸ்ஸி. என் கழுத்த நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க."

கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே சொன்னாள். நான் போய்விட்டேன்.

வார்டில் அவளுக்கு 'அல்லேலூயா ஆயா' என்று பெயர் வைத்தவன் கோவிந்தசாமி. ஆண்கள் வார்டில் அட்டெண்டன்ட். நல்ல வேலைக்காரன், வாய் மட்டும் நீளம்.

"என்ன அல்லேலூயா, உங்க ஆண்டவரு இன்னிக்கு பெட்பேன் கழுவ வரலையா?"

"அவரு ஊரான் காலைக் கழுவினவரு. பெட்பேனும் கழுவுவாரு. நீ முதல்ல உன் பங்கைக் கழுவு. நேத்து வெச்சது அப்படியே கெடக்கு."

வெளியே இதைவிட மோசம். தேக்கா மார்க்கெட் பக்கத்துப் பூக்காரி அவளைக் கண்டால் கூட்டத்துக்குக் கேட்கும்படி கூவுவாள்: "பேருதான் பூவம்மா! தலையில ஒரு மொட்டுக்கூட இல்ல பாருங்கடி!" கல்யாண வீடுகளில் சந்தனக் கிண்ணம் இவள் வரும்போது வேறு பக்கம் திரும்பிவிடும். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது இவள் எதிரே வந்தால், திரும்பிப்போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். புருஷன் உயிரோடிருக்கும்போதே தாலியறுத்தவள் என்பதுதான் எல்லோர் வாயிலும். பூவம்மா தன் நடையை மாற்றிக்கொள்ளவில்லை. மார்க்கெட்டுக்கு வேறு வழி இருந்தது. அவள் தினமும் பூக்கடையைத் தாண்டித்தான் போனாள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போது கழுத்தில் உலோகம் இருக்கக்கூடாது. எங்கள் தமிழ்ப் பெண்கள் தாலியைக் கழற்ற மாட்டார்கள். கழற்றினால் அந்த நிமிடமே புருஷனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். இருமி இருமி ரத்தம் துப்பிக்கொண்டு, படம் எடுக்காமல் திரும்பிப்போனவர்கள் உண்டு. ஆகவே என் மேசை இழுப்பறையில் மஞ்சள் கயிறு ஒரு கண்டு வைத்திருந்தேன். புதுக் கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொண்ட பிறகு தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்வேன். கழுத்து வெறுமையாகாது, படமும் தெளிவாக விழும். அதைப் பெண்களுக்குக் கட்டிவிடும் வேலையைப் பூவம்மாதான் செய்தாள். முகம் சுளிக்காமல் செய்தாள். "உங்களுக்கு இது வேணும்னா இது இருக்கட்டும்மா. மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க" என்பாள். ஊழியர்களுக்கான எக்ஸ்ரே வரும்போது அவளே முதலில் போய் நிற்பாள். கழற்ற எதுவும் இல்லை. எக்ஸ்ரே அறையிலிருந்த காதர் மைதீன், ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு 'லா' சேர்ப்பவர், "இந்த ஆயா மாதிரி எல்லாரும் இருந்தா என் வேலை பன்னெண்டு மணிக்கே முடிஞ்சிடும் லா" என்பார்.

1960 கடைசியில் வேலாயுதத்தை எங்கள் ஆண்கள் வார்டில் சேர்த்தார்கள். இரண்டு நுரையீரலிலும் பாதிப்பு. அவன் ஒரு வருடமாகவே இருமியிருக்கிறான், ஐஸ் ஆலைக் குளிர் என்று சொல்லித் தட்டிக்கழித்திருக்கிறான். ஆயா வீட்டுக்குக் கொண்டுபோன நோய் என்று ஊர் சொன்னது. பூவம்மாவின் படம் சுத்தமாகத்தான் இருந்தது. அதை நானே பார்த்தேன். ஆனால் ஊருக்கு எக்ஸ்ரே வேண்டியிருக்கவில்லை, வெறுங்கழுத்தே போதுமாக இருந்தது. இத்தனை நாள் கேலியாக இருந்தது குற்றச்சாட்டாக மாறியது.

தைப்பூசத்துக்கு முத்தாயி மகனுக்காகப் பால்குடம் எடுத்தாள். அறுபத்திரண்டு வயது. சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு கோயில்வரை, வெயிலில், வெறுங்காலோடு. பூவம்மா கூட நடக்கவில்லை. கோயிலுக்குச் சற்று முன்னால், டோபி காட் சந்திப்பில் ஓரமாக, ஒரு வாளித் தண்ணீரும் ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வாங்கிப்போன களிம்பும் துணியும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்தவளை மரநிழலில் உட்காரவைத்துக் கால்களைக் கழுவிக் கட்டுப்போட்டாள். இரண்டு உள்ளங்காலும் கொப்புளம். முத்தாயி காலை மட்டும் நீட்டினாள். அடுத்த ஞாயிறு பிரார்த்தனைக் கூடத்தில் மூப்பர் எழுந்து, தைப்பூசத்தன்று சகோதரிக்கு அங்கே என்ன வேலை என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டாராம். "காலுக்குக் கட்டுப்போடுற வேலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அங்கேயும் சிலர் வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறார்கள்.

தைப்பூசத்துக்கு மறுநாள் மாலை, பார்வையாளர் நேரத்தில், முத்தாயி நொண்டி நொண்டி வார்டுக்கு வந்தாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சுருக்குப்பை தொங்கும், எப்போதும் சேலைக்குள் இருக்கும். அதை வெளியே எடுத்துப் பிரித்தாள். நாலு வருடத்துக்கு முன் மருமகள் கழற்றிக்கொடுத்த தாலி, கோயிலில் வைத்துக் கும்பிட்டு வந்த புது மஞ்சள் கயிற்றில் கோத்திருந்தது.

"கட்டிக்க. உங்கிட்ட கெஞ்ச நான் வரல. என் புள்ள பொழைக்கணும், அவ்வளவுதான்."

வார்டில் இருபத்துநாலு கட்டில். அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கோவிந்தசாமி தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு நின்றான். நான் மருந்துத் தட்டோடு நின்றேன். பூவம்மா வேலாயுதத்தின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். மாமியாருக்குப் பதில் சொல்வதற்குள் வேலாயுதம் பேசினான்.

"கட்டிக்கயேன் பூவு. அம்மா அவ்வளவு தூரம் நடந்திருக்கு."

அவன் அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை. நாலு வருடத்தில் ஒரு தடவைகூட. அவளுக்கு அது தெரியும். நகவெட்டியை மடித்து வைத்தாள்.

"ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டேங்க. உங்களுக்கு நோவு வந்த உடனே அத மாத்திச் சொன்னா, அது விசுவாசம் இல்ல, பேரம். நான் தேக்காவுலகூட பேரம் பேச மாட்டேன், உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதனாலதான் அழுகின கத்தரிக்காயா வாங்கிட்டு வர்ற."

யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்தான், சிரிப்பு இருமலாக மாறியது. இருமி முடித்ததும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முத்தாயி தாலியைப் பையில் போட்டுக்கொண்டு, "கல்லுடி நீ" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. சாகக்கிடக்கிறவன் கேட்கிறான், ஒரு கயிறுதானே என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவும் செய்தேன்.

"ஒரு கயிறுதான் மிஸ்ஸி. அதான் இவ்வளவு பேரு சேந்து இழுக்குறாங்க" என்றாள்.

வேலாயுதம் நாலு நாள் அவளோடு பேசவில்லை. பெண்கள் வார்டில் வேலை முடிந்ததும் அவள் வழக்கம்போல் வந்தாள். பேசாதவனைத் துடைத்துவிட்டாள், பேசாதவனுக்குச் சேமியாக் கஞ்சி ஊட்டினாள். ஐந்தாம் நாள், "சோப்பு கண்ணுல பட்டுடுச்சுடி" என்றான். அதன் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, ரத்த வாந்தி எடுத்து இறந்தான். அவள் அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். கிண்ணத்தைப் பிடித்திருந்தாள். கூடத்துக்காரர்கள் சிலர் இது விசுவாசக் குறைவு என்றார்கள். ஊர்க்காரர்கள் விசுவாசக் கூடுதல் என்றார்கள். காரணம் எனக்குத் தெரியும். அவன் கட்டிலைக் கழுவுவதற்காக மெத்தையை எடுத்தபோது ஓரத்தில் ஒரு கிழிசல் இருந்தது. கையை விட்டால் காசநோய்க்குக் கொடுக்கும் பி.ஏ.எஸ். மாத்திரைகள், பிடி பிடியாக. பெரிய மாத்திரைகள், வயிற்றைப் புரட்டும். பல நோயாளிகள் ஜன்னல் வழியே எறிவார்கள். இவன் மெத்தைக்குள் ஒளித்திருக்கிறான். கண்டுபிடித்தது பூவம்மாதான், என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இதை உன் மாமியாருக்குச் சொல்ல வேணும்" என்றேன். "தாலியைப் பற்றின கதையெல்லாம் இதோட முடியும்."

"வேணாம் மிஸ்ஸி. கோவப்பட நான் ஒருத்தி இருக்கேன் அவங்களுக்கு. மகன் மேலயும் கோவப்படணுமா?"

எனக்கு அது சரியாகப் படவில்லை. இன்றும் படவில்லை. நோய் எப்படிக் கொன்றது என்று வீட்டாருக்குத் தெரிய வேண்டும். ஆனால் அவள் கணவன், அவள் முடிவு. நான் வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. துக்கம் விசாரிக்கவும், வீட்டிலுள்ளவர்களுக்கு எக்ஸ்ரே சீட்டுக் கொடுக்கவும் போனேன். கூட இருந்தவர்கள் படம் எடுத்தே ஆக வேண்டும். முத்தாயி ஆறு மாதமாக மறுத்துவந்தாள். நான் மாடி ஏறியபோது அறை நிறையப் பெண்கள். நடுவில் ஒரு பலகை. பக்கத்தில் தாம்பாளம். அதில் கண்ணாடி வளையல், மஞ்சள், குங்குமம், பூ, நடுவில் அந்தத் தாலி. பூவைக் கொண்டுவந்திருந்தவள் அந்த மார்க்கெட் பூக்காரியேதான்.

அவர்கள் வழக்கத்தில், கணவன் போன பெண்ணைக் கடைசித் தடவையாகப் பூவும் பொட்டும் வளையலுமாக அலங்கரித்து உட்காரவைத்து, பிறகு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். இங்கே எடுக்க எதுவும் இல்லை.

வேலாயுதத்தின் அண்ணன் மருதப்பன் வாசலில் நின்றான். "உக்காரு பூவம்மா. நேரமாவுது."

"எதுக்கு மாமா?"

"எதுக்கா? போட்டாத்தானே எடுக்க முடியும்? கட்டினாத்தானே அறுக்க முடியும்? ஒரு நிமிஷம் கட்டி, உடனே எடுத்துடுவாங்க. அவன் ஆத்மா போக வேணாமா?"

"ஒரு நிமிஷம் பொம்பளையா இரேன்டி" என்றாள் பூக்காரி. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பூவம்மா பலகையைப் பார்த்தாள், தாம்பாளத்தைப் பார்த்தாள். குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். ஆனால் படிக்கட்டில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"நாலு வருஷமா என்னைத் தாலியறுத்தவன்னு சொன்னது நீங்கதான். அவரு சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே என்கிட்ட துக்கம் விசாரிச்சீங்க. எத்தன தடவ அறுப்பீங்க ஒருத்திக்கு? படுக்கையில கெடந்து அவரே கேட்டாரு. அவரு கேட்டே நான் கட்டல. நீங்க அறுக்கிறதுக்காகக் கட்டிக்குவேனா?"

"இந்த ரூம் என் பேருல இருக்கு, தெரியுமில்ல?" என்றான் மருதப்பன். "இப்ப உக்காரல, உனக்கு இங்க இடமில்ல."

"சரி மாமா." அவள் சுவரோரம் போய்த் தன் தகரப் பெட்டியைத் திறந்தாள். உடுப்பை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். சும்மா மிரட்டலுக்கு இல்லை. இரண்டு சேலையும் யூனிஃபார்மும் வேதப்புத்தகமும் உள்ளே போய்விட்டன. வேறு எங்கே போவாள்? எங்கள் நர்ஸ் விடுதியில் ஆயாக்களுக்கு இடம் கிடையாது.

அப்போது முத்தாயி எழுந்தாள். மூலையில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தவள். தாம்பாளத்துக்கு வந்து தாலியை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, வை அத" என்றான் மருதப்பன்.

"போடா. இது என் சின்னவன் கட்டினது. கழட்டித்தான் குடுத்தா, அறுத்துக் குடுக்கல. எனக்கு அறுத்தாங்க, எனக்குத் தெரியும் அது எப்படின்னு. இது ஒண்ணாவது முழுசா இருக்கட்டும்." சுருக்குப்பையில் போட்டு இறுக்கினாள். பிறகு பூவம்மாவைப் பார்த்து, கோபம் கொஞ்சமும் குறையாமல், "பெட்டிய மூடுடி. எங்க போகப்போற? ராத்திரிக்குக் கஞ்சி யாரு வெக்கிறது?" என்றாள்.

பூக்காரி தன் பூவை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கினாள். மருதப்பன் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போனான். நான் எக்ஸ்ரே சீட்டு இரண்டைப் பெட்டி மேல் வைத்தேன்.

"உங்க ஆஸ்பத்திரி வாசல நான் மிதிக்க மாட்டேன்" என்றாள் முத்தாயி.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பூவம்மா மஞ்சள் கரை போட்ட பச்சைச் சேலையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். முந்தைய தீபாவளிக்கு வேலாயுதம் எடுத்துக்கொடுத்தது. விதவையான பிறகு அவள் உடுப்பில் எதுவும் மாறவில்லை. மாறும் என்று காத்திருந்தவர்களுக்குத்தான் ஏமாற்றம். அவள் பின்னால் முத்தாயி இறங்கினாள்.

"உன் மாமியார் எப்படிச் சம்மதிச்சா?" என்று கேட்டேன்.

"டேங்க் ரோடு வரைக்கும் வெறுங்கால்ல நடந்தவங்களுக்கு, பஸ்ல உக்காந்து வர பயமான்னு கேட்டேன்."

எக்ஸ்ரே அறை வாசலில் வரிசை. காதர் மைதீன் கதவைத் திறந்து, "பாட்டி, கழுத்துல இருக்கிற பையைக் கழட்டுங்க. உள்ள காசு, நகை இருந்தா படத்துல விழும். சீக்கிரம் லா, பின்னால இருபது பேரு நிக்குறாங்க" என்றார்.

முத்தாயி பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சுற்றிப் பார்த்தாள். கோவிந்தசாமி அங்கே நின்றான், நான் நின்றேன். என் கையைக்கூட நீட்டினேன். அவள் கயிற்றைத் தலை வழியே கழற்றிப் பூவம்மாவிடம் கொடுத்தாள்.

"புடி. தொலைச்சே, அவ்வளவுதான்."

பூவம்மா அதை வாங்கி வலது கைக்குள் மூடிக்கொண்டாள். கழுத்தில் மாட்டவில்லை, மடியில் செருகவில்லை. கதவு மூடிக்கொண்டது. உள்ளே காதர் மைதீன் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னது கேட்டது. கோவிந்தசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

கிழவி வெளியே வந்ததும் பூவம்மா பையை அவள் கழுத்தில் மாட்டி, முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"அத்தே, அந்த பெஞ்சில உக்காருங்க. ரெண்டு மணிக்கு வேலை முடியும், சேந்து போலாம்."

பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வார்டுக்குப் போனாள். இரவு முழுதும் சேர்ந்த குவளைகள் கழுவாமல் இருந்தன.